கொழுந்துத் தராசுக்கும் செக்ரோலுக்கும் எந்த மொழி? பைதன் முதலிடம் என்பது போதுமான காரணமா?

பிரட்டுமணி (தலவாக்கலை):
நான்கு டிவிஷன் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவை, செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவு) புரோகிராமை மாற்ற வேண்டும். இப்போது இருப்பது விஷுவல் பேசிக் 6, அக்சஸ் டேட்டாபேஸ். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) உள்ளது விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி மெமரி. தராசு சீரியல் போர்ட்டில் வருகிறது. ஏறத்தாழ 400 பேர், நாளுக்கு மூன்று நிறுவை. பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. புதிய கணினிக்கு இந்த ஆண்டு காசு இல்லை.

"பைதன்தான் உலகத்தில் முதலிடம், அதிலேயே எழுது" என்று ஒரு பக்கம். "பிள்ளைகளுக்கு உயர்தரத்தில் பைதன்தான் படிப்பிக்கிறார்கள், பிற்பாடு பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. முதலாவது படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்கமலை (ஹட்டன்):
முதலிடம் என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள். டியோபே பட்டியல் தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயருக்கு எத்தனை பக்கம் வருகிறது என்று எண்ணுகிறது. பைபிஎல் பட்டியல் "டியூட்டோரியல்" என்று கூகுளில் தேடுகிறவர்களை எண்ணுகிறது, அதாவது படிக்கத் தொடங்குகிறவர்களை. ஸ்டாக் ஓவர்புளோ என்ற கேள்வி பதில் தளம் தன் வாசகர்களைக் கேட்கிறது. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், தன்னிடம் நிரல் எழுதிப் போடுகிறவர்களை எண்ணுகிறது. அளக்கிற கோல் வேறு, வருகிற பதிலும் வேறு. டியோபேயில் பைதன் முதன்முதலாக மேலே ஏறியது 2021 ஒக்டோபரில். ஸ்டாக் ஓவர்புளோவில் பல வருடங்களாகவே ஜாவாஸ்கிரிப்ட்தான் முன்னால் நிற்கிறது. கிட்ஹப்பில் 2024 இல் பைதன் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது, 2025 இல் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது. ஆக ஒரே காலத்தில் மூன்று முதலிடம்.

பைதன் ஏறியதற்குக் காரணம் அந்த மொழியின் வேகமும் இல்லை. நம்பை, டென்சர்ப்ளோ, பைடோர்ச் என்று கணக்கும் இயந்திரக் கற்றலும் அதன்மேல் வந்து உட்கார்ந்தன. அவற்றின் உள்ளே பாரம் தூக்குவது சி, சி பிளஸ் பிளஸ். மேலே நின்று ஏவுவதுதான் பைதன். கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தராசுக்கும் அந்த ஏற்றத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஊவாக்காற்று (பண்டாரவளை):
பைதனே போதும் அண்ணே. 400 பேர், மூன்று நிறுவை, ஆக நாளுக்கு 1,200 வரி. 25 நாளுக்கு 30,000. இதற்கு வேகம் ஒரு கேள்வியே இல்லை, எந்த மொழியும் தூங்கிக்கொண்டே செய்யும். பைசீரியல் போட்டால் தராசு வாசிக்கப் பத்து வரி. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கூடவே வருகிறது. வேறென்ன வேண்டும்?

கவ்வாத்துக்கத்தி (கொட்டகலை):
வேறு வேண்டியது விண்டோஸ் 7 இல் ஓடுகிற பைதன். 3.8 தான் கடைசி. 3.9 இலிருந்து விண்டோஸ் 7 இல் ஏறாது. அந்த 3.8 க்கும் 2024 ஒக்டோபரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. இதைச் சொல்லாமல் "பைதன் போதும்" என்று போட்டால் பாவம், மனுஷன் புதியதை இறக்கிப்போட்டு, திறக்கும்போது டிஎல்எல் பிழையில் நிற்பார்.

மற்றவையும் இதே கதைதான். கோ மொழியில் 1.20 கடைசி, 1.21 க்கு விண்டோஸ் 10 வேண்டும். ரஸ்டில் 1.77 வரைதான். இலெக்ட்ரோனில் 22 வரை. குரோம் 109 வரை. டொட்நெட் புதிய பதிப்புகளை விடுங்கள். ஆனால் பழைய டொட்நெட் பிரேம்வேர்க் 4.8 விண்டோஸ் 7 சர்விஸ் பேக் 1 இல் ஓடும், விண்டோஸ் 10, 11 இலும் அப்படியே ஓடும். அதனால் இந்தக் கணினிக்கு என் தெரிவு இரண்டுதான். ஒன்று 4.8 இல் சி சார்ப். மற்றது லாசரஸ், அதாவது ப்ரீ பஸ்கால். லாசரஸில் வருவது சில எம்பி உள்ள ஒரே ஒரு எக்ஸி, கூட எதையும் நிறுவ வேண்டாம். ஸ்டாக் ஓவர்புளோ, கிட்ஹப் பட்டியல்களில் பஸ்காலைக் கீழே தேடத்தான் வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் சாதாரண தரத்திலேயே பஸ்கால் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அந்நியமாக இருக்காது.

லினக்ஸ் போடலாம் என்று யாரும் சொல்லுமுன்: 32 பிட் கணினிக்கு நிறுவி தருகிற டெபியன் 12 தான் கடைசி. 13 இல் அதை எடுத்துவிட்டார்கள். முதலில் புரொசஸரைப் பாருங்கள் பிரட்டுமணி. பல இடத்தில் புரொசஸர் 64 பிட், விண்டோஸ் மட்டும் 32 பிட். அப்படியென்றால் வழி திறக்கும்.

ஊவாக்காற்று:
சரி, 3.8 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மடுவத்துக் கணினிக்கு இணையம் இல்லை என்றால் 3.8 இல் ஓட்டுவதில் என்ன ஆபத்து?

கவ்வாத்துக்கத்தி:
ஆபத்து பெரிதில்லை, பென் டிரைவ் ஒழுங்காக இருந்தால். தொல்லை வேறு இடத்தில். இரண்டு வருடம் கழித்து ஒரு லைப்ரரி வேண்டும் என்று பிப் (அதை இறக்கும் கட்டளை) அடித்தால் "3.9 க்கு மேல் தேவை" என்று வரும். இப்போதே தேவையான வீல் (லைப்ரரிப் பொதி) கோப்புகள் எல்லாவற்றையும் பதிப்பு எண்ணோடு இறக்கி ஒரு போல்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸி ஆக்குவதற்குப் பைஇன்ஸ்டோலரில் கட்டினால் ஒரே கோப்பாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிகப் போல்டரில் அவிழ்த்துப் போடும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அரை நிமிடம் போகும். வைரஸ் காவலன்கள் சில அதை வைரஸ் என்றே பிடித்துத் தின்றுவிடும். போல்டராகக் கட்டுங்கள்.

பச்சைத்துண்டு (மஸ்கெலியா):
மொழியைப் பிறகு பேசலாம் தம்பிமாரே, தராசு வாசிப்பில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். எந்த மொழியில் எழுதினாலும் இது ஒன்றுதான்.

முதலில் எதுவும் எழுதாமல் பட்டி (PuTTY) மாதிரி ஒரு டெர்மினலில் தராசைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 9600, 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப். சில வகைகள் 2400, 7 பிட், ஈவன் பரிட்டி. குப்பை எழுத்து வந்தால் இந்த நான்கில் ஏதோ ஒன்று தவறு. ஒன்றுமே வராவிட்டால் கேபிளில் 2, 3 ஆம் கம்பிகள் மாறியிருக்கலாம், அல்லது தராசு பிரின்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்புகிற நிலையில் இருக்கலாம்.

தொடர்ந்து அனுப்புகிற தராசில் வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து, எடை நிலைத்ததா ஆடுகிறதா என்று சொல்லும். அதை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தொடர்ந்து ஐந்து வாசிப்பு ஒன்றாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஒரு நிறுவை பதிந்ததும், தராசு 200 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை அடுத்ததை ஏற்காதீர்கள். இல்லையென்றால் ஒரே சாக்கு இரண்டு பேரில் விழும்.

பைதனில் ஒரு பொறி: ரீட்லைன் நேரம் தாண்டினால் பிழை காட்டாது, அதுவரை வந்த அரை வரியைக் கையில் கொடுத்துவிடும். 12.50 வர வேண்டிய இடத்தில் 12 மட்டும், சில வேளை வெறும் 1. வரி முடிவு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்ணாக மாற்ற வேண்டும். சி சார்ப்பில் பொறி வேறு: தரவு வந்த செய்தி வேறொரு திரெட்டில் வரும், அங்கிருந்து நேரே திரையைத் தொட்டால் புரோகிராம் விழும். இன்வோக் போட வேண்டும்.

இன்னொன்று, பழைய வரிகள் பஃபரில் தேங்கும். ஆள் மாறிய பிறகு முன்னவரின் எடை வந்து நிற்பது இதனால்தான். அடுத்த பெயரைத் தெரிவு செய்த உடனே பஃபரைக் காலி செய்துவிட்டு வாசியுங்கள்.

சிங்கமலை:
அக்கா, யூஎஸ்பி மாற்றி போட்டால்?

பச்சைத்துண்டு:
கணினியில் சீரியல் போர்ட் இருந்தால் அதையே பாவியுங்கள். மாற்றிதான் வேண்டுமென்றால் எப்டிடிஐ சிப் உள்ளது. மலிவான பிஎல்2303 போலிகள் விண்டோஸ் 7 இல் ஓடும், விண்டோஸ் 10 இல் டிரைவர் பிழை 10 காட்டி நிற்கும். மாற்றியை வேறு துளையில் குத்தினால் கொம் (COM) எண் மாறலாம், அதனால் எண்ணைப் புரோகிராமுக்குள் எழுதிவைக்காமல் செட்டிங்கில் வையுங்கள்.

நானுஓயாப்பனி (நானுஓயா):
குறுக்கே ஒன்று. கரண்ட் போவதை யாரும் பேசவில்லை. அக்சஸ் கோப்பு கெட்டுப்போவதற்கு முதல் காரணம் எழுதும்போது கரண்ட் போவதுதான். எஸ்கியூலைட் அதைவிடப் பன்மடங்கு உறுதி, ஆனால் செட்டிங் பார்க்க வேண்டும். வால் (WAL) என்ற பதிவு முறையில் சிங்க்ரனஸ் நோர்மல் (NORMAL) என்று விட்டால் கோப்பு கெடாது, ஆனால் கடைசியாகப் பதிந்த சில நிறுவைகள் காணாமல் போகலாம். புல் (FULL) என்று போடுங்கள். ஒரு சாக்குக்கு ஓர் எழுத்து, இதில் வேகம் குறைந்தால் யாருக்கு நட்டம்? நெட்வேர்க் போல்டரில் மட்டும் எஸ்கியூலைட் கோப்பை வைக்காதீர்கள், பூட்டு சரியாக வேலை செய்யாது.

இதுவும் மொழி சார்ந்ததில்லை. பைதன், சி சார்ப், லாசரஸ் மூன்றிலும் அதே இரண்டு வரி.

ஏழாம்நம்பர் (அப்புத்தளை):
எல்லோரும் வன்பொருளிலேயே நிற்கிறீர்கள். காசுக் கணக்கில் மொழிக்கு மொழி விடை மாறும், அதைப் பாருங்கள்.

ஒருவருக்கு மாதம் 25 பேர் (வேலைநாள்), நாளுக்கு 1,350 ரூபாய் என்று வையுங்கள். 33,750. ஊழியரின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் 2,700. தோட்டம் போடுவது 12 வீதம் 4,050. ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் 1,012.50. இந்த ஐம்பது சதத்தை யாராவது ரூபாய்க்கு முழுமையாக்கினால் பைதனின் ரவுண்ட் 1,012 தரும். விஷுவல் பேசிக் 6 உம் 1,012. சி சார்ப்பில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் 1,012. எக்ஸெல் 1,013, பிஎச்பி 1,013, ஜாவாஸ்கிரிப்ட் 1,013. முதல் மூன்றும் சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், வங்கிக்காரர் முறை. மற்றவை மேலே போகும். பழைய புரோகிராமும் புதியதும் பொருந்தவில்லை, கந்தோரில் எக்ஸெலில் போட்டால் மூன்றாவதாக ஒன்று வருகிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

ஆகவே சதத்தோடு வைத்திருங்கள். அதுவும் மிதவை எண்ணில் வேண்டாம். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் 0.30000000000000004 என்று காட்டும். காசைச் சதமாக, எடையைக் கிராமாக, முழு எண்ணில் சேமியுங்கள். 12.35 கிலோ என்பது 12350. அல்லது டெசிமல் வகை: சி சார்ப்பில் மொழியிலேயே உண்டு, பைதனில் டெசிமல் மொடியூல், ஜாவாவில் பிக்டெசிமல். லாசரஸில் கரன்சி வகை நான்கு தசமத்தானம் வரை பிசகாது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒன்று மொழிக்குள் இல்லை, முழு எண்ணே கதி.

நாட்சம்பளத்தைப் புரோகிராமுக்குள் எழுதிவிடாதீர்கள். 2021 இல் 1,000 ஆனது, 2024 இல் 1,350 ஆனது. விகித அட்டவணை ஒன்று, "இன்ன திகதியிலிருந்து" என்ற நிரலோடு. பழைய மாதத்தைத் திரும்ப அச்சடித்தாலும் பழைய விகிதம் வர வேண்டும்.

பிரட்டுமணி:
மிகவும் பயன். அரைப்பேர் (அரைநாள் வேலை), கைக்காசு (கையில் கொடுக்கும் காசுக்கூலி)?

ஏழாம்நம்பர்:
பேரை 1, 0.5 என்று தசமத்தில் வைக்காமல், 2, 1 என்று அரைப்பேர் அலகில் வையுங்கள். கைக்காசு வேறு அட்டவணை. அதற்குச் சட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பது கந்தோரின் வேலை, ஆனால் புரோகிராமில் செக்ரோலோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சாக்குக் கழிவு, ஈரக் கழிவு எதுவானாலும் தனி நிரலில் போடுங்கள். மொத்த எடை, கழிவு, தேறிய எடை மூன்றும் துண்டில் அச்சாக வேண்டும். தேறியதை மட்டும் சேமித்தால் நாளைக்கு ஒரு பெண் வந்து "என் ரெண்டு கிலோ எங்க?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஒரு சுலபச் சரிபார்ப்பு: தொழிற்சாலையில் 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ அளவில் தூள் வரும். மாத மொத்தம் அதிலிருந்து வெகுதூரம் போனால் தராசையும் புரோகிராமையும் இரண்டையும் பாருங்கள்.

சிங்கமலை:
இப்போது தமிழ். இந்தத் தலைப்பில் மொழிகளுக்கிடையே மெய்யான வித்தியாசம் இங்கேதான்.

"கொழுந்து" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் 8 என்கும். கோ, ரஸ்ட், பிஎச்பியின் வெறும் நீளக் கட்டளை 24 என்கும், ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால். ஸ்விப்ட் 4 என்கும், கொ, ழு, ந், து என்று நாம் எண்ணுவது போல. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பெயரைப் பத்து "எழுத்தில்" வெட்டி அச்சிடு என்றால் ஒன்று சரியாக வெட்டும், ஒன்று கொம்பை மட்டும் அறுக்கும், ஒன்று பைட்டின் நடுவே வெட்டிக் கேள்விக்குறி போடும்.

"கொ" வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஒற்றைக் குறியாக, அல்லது கொம்பு தனி கால் தனி என்று. திரையில் ஒன்று, தேடலில் வேறு. உள்ளே வரும்போதே என்எப்சிக்கு (NFC, யுனிகோடின் ஒற்றைக் குறி வடிவம்) மாற்றிவிடுங்கள். பைதன், ஜாவாஸ்கிரிப்ட், சி சார்ப் மூன்றிலும் ஒரே வரி.

அகரவரிசை: வெறுமனே அடுக்கினால் கனகம்மா கமலாவுக்கு முன்னால் வருவார். யுனிகோடில் ன என்பது ந வுக்கு அடுத்து நிற்பதால். நம் வரிசையில் அது கடைசி. கறுப்பாயியும் கலைச்செல்விக்கு முன்னால் போவார். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் கொலேட்டர் (Intl.Collator), பிஎச்பியில் இன்டல் நீட்சி, பைதனில் பைஐசியூ, இவை சரியாக அடுக்கும். லாசரஸில் எழுத்து வரிசையை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும், ஐம்பது வரிக்குள் அடங்கும்.

கவ்வாத்துக்கத்தி:
பாமினியைச் சொல்லாமல் விட்டீர்களே.

விஷுவல் பேசிக் 6 இன் பெட்டிகள் யுனிகோட் காட்டாது. அதனால்தான் அந்தக் காலத்துப் புரோகிராம் எல்லாம் பாமினி. டேட்டாபேஸில் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில விசை எழுத்துகள், எழுத்துரு போட்ட முகமூடி. மாற்றும்போது மூன்று இடத்தில் கெடும். ஒன்று, நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும்: கொம்பும் காலும் சேர்ந்த "கொ" வை, "கெ" க்கு முன். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு கொழுந்தும் கெழுந்து, பக்கத்தில் ஒரு தனிக் கால். இரண்டு, பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படுகிறது, யுனிகோடில் பின்னால் வர வேண்டும். மூன்று, எல்லா நிரலையும் ஒரே அடியாக மாற்றக் கூடாது. பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் உள்ள ஆங்கில எழுத்து தமிழெழுத்தாகிவிடும்.

அடையாள அட்டை எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள். புதியது 12 இலக்கம், விஷுவல் பேசிக் 6 இன் லோங் 2,147,483,647 க்கு மேல் பிடிக்காது. எழுத்து நிரலாகவே வையுங்கள்.

ஊவாக்காற்று:
அச்சிலும் பைதன் காலை வாரும், நானே ஒத்துக்கொள்கிறேன். பில்லோவில் தமிழ்ப் படம் செய்தால் ராக்ம் லைப்ரரி இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். லினக்ஸில் டிகின்டர் ஜன்னலிலும் அப்படியே, அங்கே கியூட்டி (Qt) பாவிக்க வேண்டும். சின்ன தெர்மல் பிரின்டர் பலவற்றில் தமிழ் எழுத்துத் தொகுதியே கிடையாது, அவற்றுக்குப் படமாக்கித்தான் அனுப்ப முடியும். சம்பளத்துண்டுக்குச் சுலப வழி எச்டிஎம்எல் எழுதி பிரவுசரில் அச்சடிப்பது, எழுத்துக் கோர்ப்பை அது பார்த்துக்கொள்ளும். எக்ஸெலுக்குக் கொடுக்கும் சிஎஸ்வியை யூடிஎப் 8 சிக் (utf-8-sig) என்று எழுதுங்கள். சும்மா யூடிஎப் 8 என்றால் எக்ஸெல் இரட்டைக் கிளிக்கில் குப்பை காட்டும்.

தேயிலைப்பூ (புஸ்ஸல்லாவை):
இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். உயர்தரம் ஐசிடி எழுதிவிட்டு இருக்கிறவர்கள் அடுத்து எதைப் படிப்பது? பைதன் தெரியும். ரஸ்ட் நல்லது என்று எங்கும் எழுதுகிறார்களே?

சிங்கமலை:
தங்கச்சி, ரஸ்ட் நல்ல மொழிதான். 2015 இல் 1.0 வந்தது, ஸ்டாக் ஓவர்புளோவில் விரும்பப்படும் மொழியாக 2016 இலிருந்து முன்னால் நிற்கிறது, லினக்ஸ் கெர்னலுக்குள் 2022 டிசம்பரில் 6.1 இல் நுழைந்தது. தங்கள் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 வீதம் மெமரித் தவறுகள் என்று மைக்ரோசொப்ட் 2019 இல் சொன்னது, ரஸ்ட் அடைக்க வந்தது அந்த ஓட்டையை. ஆனால் "விரும்புகிறார்கள்" வேறு, "ஆள் எடுக்கிறார்கள்" வேறு. வேலைக்கு முதல் வாசல் என்று பார்த்தால் ஜாவா, சி சார்ப், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், இவற்றில் ஒன்று. கூடவே எஸ்கியூஎல், அதைப் பட்டியல்களில் பலர் மொழியாகவே எண்ணுவதில்லை, எல்லா வேலையிலும் கேட்கிறார்கள்.

பச்சைத்துண்டு:
பைதனில் வகை எழுதாமல் பழகிய கைக்கு அடுத்தது வகை கட்டாயமான மொழியாக இருக்கட்டும் மகள். ஜாவாவோ சி சார்ப்போ. பைதனில் எடை எழுத்தாக வந்து, "12" ஐயும் "5" ஐயும் கூட்டினால் "125" ஆகிச் சத்தமில்லாமல் போகும். சி சார்ப்பில் அந்த 125 ஐ எடை நிரலில் வைக்கவே விடாது, தொகுக்கும்போதே தடுக்கும். அந்தப் பழக்கம் வந்த பிறகு எந்த மொழிக்கும் போகலாம்.

நம் நாட்டிலேயே செய்த மொழி ஒன்று இருப்பதும் தெரிந்திருக்கட்டும்: டபிள்யூஎஸ்ஓ2 செய்த பலேரினா, 2019 இல் 1.0. சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கிற வேலைக்கு எழுதியது. மூலநிரல் திறந்தது, வாசித்துப் பார்க்கலாம்.

நானுஓயாப்பனி:
மொழி "செத்துவிட்டது" என்கிறார்களே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கோபோல் 1959 இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. விஷுவல் பேசிக் 6 இல் எழுதியது விண்டோஸ் 11 இலும் ஓடும், ரன்டைமை மைக்ரோசொப்ட் இன்னும் விடவில்லை. ஆனால் எழுதுகிற கருவிக்கு ஆதரவு 2008 இல் முடிந்தது. ஓசிஎக்ஸ் (புரோகிராமுக்குத் தேவையான துணைக் கோப்பு) ஒன்று தொலைந்தால் திரும்ப வாங்க இடமில்லை. 2002 இல் வந்த விஷுவல் பேசிக் டொட்நெட் பெயரில் மட்டும் வாரிசு, பழையதை அப்படியே ஏற்காது. பொக்ஸ்புரோவுக்கு 2015 ஜனவரியோடு சரி.

மேலே ஏறிய மொழிகளும் சும்மா விடவில்லை. பைதன் 2 இலிருந்து 3 க்கு வர உலகம் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது, 2020 ஜனவரி 1 இல்தான் 2 ஐ மூடினார்கள். பிஎச்பி 8 இல் 0 ஐயும் ஒரு சொல்லையும் ஒப்பிட்டால் விடை தலைகீழானது, முன்பு சமம் என்றது இப்போது இல்லை என்கிறது. பழைய கடவுச்சொல் சோதனை, தெரிவுப் பட்டியல் எல்லாம் அதில் உடையும். பேர்ல் 2000 இல் ஆறாம் பதிப்பு என்று அறிவித்துவிட்டு 2015 இல் வெளியிட்டது, 2019 இல் பெயரையே ராக்கு என்று மாற்றினார்கள், அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். கோ 2012 இல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வருகிறது, அன்றைய நிரல் இன்றும் தொகுக்கும். அதன் குறை, ஜன்னல் போட்டுச் செய்கிற டெஸ்க்டொப் வேலைக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை.

பத்து வருடம் ஓட வேண்டிய மடுவப் புரோகிராமுக்கு நான் பார்ப்பது இந்தப் பத்தியைத்தான், யார் முதலிடம் என்பதை இல்லை.

ஊவாக்காற்று:
மலையிலேயே நிறுத்து போனில் பதிய அன்ட்ரொயிட் செயலி வேண்டுமென்றால்?

கவ்வாத்துக்கத்தி:
கோட்லின், ரூம் டேட்டாபேஸ். சிக்னல் இல்லாத மலை என்று நினைத்தே எழுது தம்பி. ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஒரு யூயுஐடி (வேறெதற்கும் வராத அடையாள எண்). மடுவத்துக்கு வந்ததும் அனுப்பு, அந்த யூயுஐடி ஏற்கெனவே இருந்தால் சர்வர் பேசாமல் விட வேண்டும். பாதியில் சிக்னல் அறுந்து இரண்டாம் முறை அனுப்பினால் கொழுந்து இரட்டிப்பாவது இதைச் செய்யாததால்தான். போனின் மணிக்கூட்டை நம்பாதே, எத்தனையாவது நிறுவை என்ற எண்ணையும் சேர்த்து வை.

பிரட்டுமணி:
பார்த்துவிட்டேன். புரொசஸர் 64 பிட், மெமரியை 4 ஜிபி ஆக்கலாம் என்று மதர்போர்ட் சொல்கிறது. ஆனாலும் இப்போதைக்கு விண்டோஸ் 7 அப்படியே. டொட்நெட் 4.8, சி சார்ப், எஸ்கியூலைட், சிங்க்ரனஸ் புல். எடை கிராமில், காசு சதத்தில், துண்டு எச்டிஎம்எல்லில். பாமினி மாற்றுவதற்கு மட்டும் வேறு கணினியில் பைதன், அது ஒருநாள் வேலை, பிள்ளைகளே செய்வார்கள். இரண்டு சம்பள மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, பேருக்குப் பேர் ஒப்பிட எண்ணம்.

ஏழாம்நம்பர்:
ஒப்பிடும்போது பழையது சரி என்று தொடங்காதீர்கள். சதம் வேறுபட்டால் கையால் ஒரு கணக்குப் போடுங்கள்.

பச்சைத்துண்டு:
தராசிலிருந்து கணினிக்குக் கேபிள் எத்தனை மீட்டர்?

பிரட்டுமணி:
மடுவத்து வாசலிலிருந்து உள் அறைக்கு 30 இருக்கும் அக்கா.

பச்சைத்துண்டு:
ஆர்எஸ் 232 க்கு 15 மீட்டர் கணக்கு. 30 இல் ஓடும் நாளும் உண்டு, மோட்டார் தொடங்கும்போது ஓர் இலக்கம் விழுகிற நாளும் உண்டு. இரண்டு பக்கமும் ஆர்எஸ் 485 மாற்றி போடுங்கள், அல்லது கணினியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். இடி மின்னல் மாதங்களில் மாலையில் அந்தக் கேபிளைக் கழற்றி வைக்க ஓர் ஆளைச் சொல்லிவிடுங்கள்.